ரிப்பன் பிரபுவின் மகனும் மூன்று துப்பாக்கிகளும்

(நம் குடியிருப்பின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் கிளப் ஹவுஸில் பேசியது. பேசியபடியே எழுதித் தரும்படி செயலாளர் கேட்டதால் அப்படியே தந்திருக்கிறேன். நடுவில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் வரும்வரை நடந்த அரட்டையை மட்டும் விட்டுவிட்டேன்.)



போன கூட்டத்தில் முழங்கால் தேய்மானம் பற்றி டாக்டர் பேசினார். அதற்கு முந்தைய கூட்டத்தில் உயில் எழுதுவது எப்படி என்று வக்கீல் பேசினார். இரண்டுமே நமக்கு உபயோகமான விஷயங்கள். இன்றைக்கு என் தலைப்பு துப்பாக்கி. செயலாளர் போனில் இரண்டு தடவை கேட்டார்: "சார், துப்பாக்கியா? சரியாத்தான் காதுல விழுந்ததா?" என்றார். என் மனைவி அதற்கும் ஒரு படி மேலே. "ஏங்க, குருவி சுட்டவனைப் பத்திப் பேசவா சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டுக் கிளம்பறீங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டதற்கு என்னிடம் இன்னும் சரியான பதில் இல்லை. பேசிப் பார்க்கிறேன், ஏதாவது பிடிபடுகிறதா என்று.

நான் ஒரு வங்கியில் 36 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். துப்பாக்கிக்கும் எனக்கும் உள்ள உறவு ஒன்றே ஒன்றுதான். எங்கள் கிளை வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு காவலர் உட்கார்ந்திருப்பார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். மடியில் ஒரு டபுள் பேரல் துப்பாக்கி. அதன் லைசென்ஸ் புதுப்பிக்கிற ஃபைல் என் மேஜையில் இருந்தது. "12 போர், இரட்டைக் குழல்" என்று வருடா வருடம் எழுதுவேன். கூடவே 10 தோட்டா. காலையில் அவர் 10 எண்ணி வாங்குவார், மாலையில் 10 எண்ணிக் கொடுப்பார், நான் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவேன். நான் அங்கே இருந்த காலம் முழுக்க அந்த எண் மாறவே இல்லை.

12 போர் என்றால் என்ன என்று அப்போது ஒரு நாள்கூட கேட்டுக்கொண்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாக 12 உருண்டைகளாகப் பிரித்தால் ஒரு உருண்டை எவ்வளவு பருமன் இருக்குமோ, அதுதான் குழலின் உள்விட்டம். ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீட்டர். 20 உருண்டையாகப் பிரித்தால் உருண்டை சிறுத்துவிடும் அல்லவா? அதனால்தான் 20 போர் துப்பாக்கியின் குழல் 12 போரைவிடச் சின்னது. இதைக் கேட்டதும் எனக்கு ஒரு சந்தோஷம். நம் வீட்டுப் படி, ஆழாக்குக் கணக்கு மாதிரி இருக்கிறது, பாருங்கள்.

இனி இங்கிலாந்துக்குப் போகிறேன். என் மகள் யார்க்ஷயரில் லீட்ஸ் நகரத்தில் இருக்கிறாள். அங்கே போயிருந்தபோது மருமகன் ஒரு நாள் ஃபவுண்டன்ஸ் ஆபி என்ற பழைய மடாலயத்தின் இடிபாடுகளைப் பார்க்க அழைத்துப் போனார். அதை ஒட்டி ஸ்டட்லி ராயல் என்ற பெரிய பண்ணை. மான்கள் கூட்டம் கூட்டமாக மேய்கின்றன. நடுவில் ஒரு தேவாலயம். உள்ளே ஒரு கணவன் மனைவியின் கல்லறை, மேலே வெள்ளைச் சலவைக்கல்லில் இருவரும் படுத்திருக்கிற மாதிரி சிலை. பெயரைப் படித்தேன். ரிப்பன்!

"மாப்பிள்ளை, இது நம்ம ரிப்பன் மாளிகை ரிப்பன்!" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். இரண்டு வெள்ளைக்காரப் பாட்டிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே, மாநகராட்சிக் கட்டடம், 1913-இல் திறந்தது, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்தான் அவர். 1880 முதல் 1884 வரை இந்தியாவின் வைஸ்ராய். நகராட்சிகளில் நம் ஆட்கள் தேர்தலில் நின்று வர வழி செய்த 1882-ஆம் வருடத் தீர்மானம் அவருடையது. இந்தியமொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டத்தை ரத்து செய்தவரும் அவரே. இந்திய நீதிபதி ஐரோப்பியரை விசாரிக்கலாம் என்று இல்பர்ட் மசோதா கொண்டுவந்து, சொந்த இனத்தாரிடமே வசை வாங்கினார். "ரிப்பன் எங்கள் அப்பன்" என்று சென்னையில் ஜனங்கள் கோஷம் போட்டார்கள் என்று நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம்.

சரி, அப்பன் என்றால் பிள்ளை என்று ஒருவர் இருக்க வேண்டுமே? அந்தப் பிள்ளைதான் இன்றைக்கு நான் பேச வந்த ஆள்.

பெயர் ஃபிரெடரிக் ஆலிவர் ராபின்சன். 1852-இல் பிறந்தவர். ஒரே மகன். தகப்பனார் இருக்கும்வரை டி கிரே பிரபு, அவர் 1909-இல் காலமான பிறகு இரண்டாவது ரிப்பன் மார்க்விஸ். தாத்தா இங்கிலாந்தின் பிரதம மந்திரி. தகப்பனார் பிறந்ததே பத்தாம் எண் டௌனிங் தெருவில். இப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை என்ன ஆக வேண்டும்? மந்திரியாவது ஆகியிருக்க வேண்டும். ஆறு வருடம் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். அவருக்கு வேறு ஒரு வித்தை தெரிந்திருந்தது. பறக்கிற பறவையைச் சுடுவதில் இங்கிலாந்திலேயே அவருக்கு நிகர் கிடையாது என்று அவர் காலத்து ஆட்களே ஒப்புக்கொண்டார்கள். அந்தக் காலப் பிரபுக்கள் அதை லேசில் இன்னொருவனுக்கு ஒப்புக்கொள்கிற ரகம் இல்லை.

அவர் கையில் இருந்தவை லண்டனில் ஜேம்ஸ் பர்டி கடையில் செய்த துப்பாக்கிகள். 1814-இல் தொடங்கிய கடை, இன்றும் நடக்கிறது. பர்டி துப்பாக்கி ஒன்றை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். ரிப்பனுடையது இல்லை. அதே கடை, ஏறக்குறைய அதே காலம், அதே வகை. மருமகனுடன் வேலை பார்ப்பவரின் மாமனார் வீட்டில் இருந்தது. அவர் தாத்தா வழி வந்தது. நம்மூர் பெரியவர்கள் வீணையைத் திறந்து காட்டுகிற மாதிரி, தோல் பெட்டியைத் திறந்து, துணியை விலக்கிக் காட்டினார்.

எடை மூன்று கிலோ இருக்கலாம். ஆனால் தோளில் வைத்ததும் மூன்று கிலோவாகத் தெரியவில்லை. எங்கள் கிளைக் காவலரின் துப்பாக்கியை ஒருமுறை நகர்த்தி வைத்திருக்கிறேன், கடப்பாரை மாதிரி இருந்தது. இது தானாகவே கண்ணுக்கு நேராக வந்து நிற்கிறது. காரணம் கேட்டேன். வாங்குபவரின் கை நீளம், கழுத்து, தோள், கன்னம் எல்லாவற்றையும் தையற்காரர் மாதிரி அளவெடுத்துத்தான் கட்டையைச் செதுக்குவார்களாம். கட்டை வால்நட் மரம். ஆளி விதை எண்ணெயைக் கையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. குழல் செய்கிறவர் தனி, பூட்டு செய்கிறவர் தனி, கட்டை செதுக்குகிறவர் தனி, பூ வேலை கொத்துகிறவர் தனி. ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைக்க மாட்டார்.

இரும்பும் மரமும் பொருந்துகிற இடத்தில் ஒரு தலைமுடிகூட நுழையாது. எப்படி என்று கேட்டேன். இரும்புப் பகுதியை விளக்குப் புகையில் காட்டிக் கரி பிடிக்க வைப்பார்களாம். அதை மரத்தில் பொருத்தி எடுத்தால் எங்கே மேடு இருக்கிறதோ அங்கே மட்டும் கரி ஒட்டும். அந்த இடத்தை மட்டும் உளியால் ஒரு துளி சீவுவார்கள். மறுபடி புகை, மறுபடி சீவல். இப்படி நாள் கணக்காக. நம் தச்சர்கள் நிலைக் கதவு பொருத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இன்னொரு விஷயம் என் தொழில் புத்திக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு வரிசை எண் உண்டு. எந்த எண், யாருக்காகச் செய்தது, என்ன அளவு என்று கடையின் பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். நூறு, நூற்றைம்பது வருடம் கழித்து அந்தத் துப்பாக்கி எங்கோ ஏலத்துக்கு வந்தாலும், எண்ணைச் சொன்னால் முதல் சொந்தக்காரரின் பெயர் கிடைத்துவிடும். அந்தப் பெயரைப் பொறுத்து விலை ஏறும். யோசித்துப் பாருங்கள், எவனோ ஒரு குமாஸ்தா நல்ல கையெழுத்தில் எழுதிய ஒரு வரிதான் அந்த விலையைத் தாங்கிப் பிடிக்கிறது.

விற்பனைக்கு முன் பரீட்சையும் உண்டு. லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது. வழக்கத்தைவிடக் கூடுதல் மருந்து வைத்து வெடித்துப் பார்த்து, குழல் தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. நம் நகைக்கு ஹால்மார்க் மாதிரி.

இங்கே ஒரு இடைச்செருகல். உங்களில் யார் வீட்டிலாவது தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் இருந்தால், "லைசென்ஸ் அப்பா பேரில் இருக்கே" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அவர் காலமானதும் அது தானாகப் பிள்ளைகளுக்கு வராது. காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, பிறகு நம் பேரில் விண்ணப்பிக்க வேண்டும்.

ரிப்பனிடம் திரும்புவோம். அவர் துப்பாக்கியில் வெளியே தெரிகிற மாதிரி இரண்டு குதிரைகள் உண்டு. குதிரை என்றால் பின்னுக்கு இழுத்து நிறுத்துவது. விசையைத் தட்டினால் அது விழுந்து தோட்டா வெடிக்கும். 1880-இல் ஃபிரெடரிக் பீஸ்லி என்பவர் குதிரையே வெளியில் தெரியாத, தானே திறக்கிற புதுவகைப் பொறியைக் கண்டுபிடித்தார். அந்த உரிமையை பர்டி கடையே வாங்கிக்கொண்டது. எல்லாரும் புதுசுக்கு மாறினார்கள். இவர் மட்டும் கடைசிவரை பழைய குதிரைத் துப்பாக்கியை விடவில்லை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் அதே ரகம்தான். எங்கள் கிளையில் கம்ப்யூட்டர் வந்தபோது ஒரு சீனியர் லெட்ஜரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு வித்தியாசம், எங்கள் சீனியரைவிட இவர் வேகம்.

என்ன வேகம் என்று சொல்கிறேன். சாண்ட்ரிங்ஹாம் அரண்மனைத் தோட்டத்தில் ஒரு முறை 60 விநாடிகளில் 28 ஃபெசன்ட் கோழிகளை வீழ்த்தினார் என்பது பிரசித்தம். சுட்ட பறவைகளில் ஏழு ஒரே நேரத்தில், தரையைத் தொடாமல், ஆகாயத்திலேயே விழுந்துகொண்டிருந்தன என்றும் சொல்வார்கள்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரட்டைக் குழலில் இரண்டு தோட்டாதான் இருக்கும். ஒன்றுகூடத் தவறவில்லை என்று வைத்துக்கொண்டாலும் 28 பறவைக்கு 14 தடவை துப்பாக்கி மாற வேண்டும். நாலு விநாடிக்கு ஒன்று. ஒரே துப்பாக்கியில் இது நடக்காது. அதனால்தான் மூன்று துப்பாக்கி. மூன்றும் ஒரே அச்சு, ஒரே எடை, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் வித்தியாசம் தெரியாது. 1, 2, 3 என்று குழல் மேல் தங்கத்தில் எண் பதிப்பது வழக்கம். ஒன்று அவர் தோளில். ஒன்று நிரப்பித் தயாராக ஒருவர் கையில். மூன்றாவது இன்னொருவர் கையில் நிரம்பிக்கொண்டிருக்கும்.

அந்த இரண்டு பேரைப் பாருங்கள். லோடர் என்று பெயர். நம் ஊர் லோடுமேன் நினைவுக்கு வருகிறார் இல்லையா? சூடான துப்பாக்கியை வாங்க வேண்டும். குழலை மடக்க வேண்டும். இரண்டு தோட்டாவைத் திணிக்க வேண்டும். மூட வேண்டும். இரண்டு குதிரையையும் இழுத்து நிறுத்த வேண்டும். முதலாளியின் கை காற்றில் நீளும்போது அந்தக் கையில் சரியாகப் போய் உட்கார வேண்டும். கை நழுவி விசையில் பட்டால் மூன்று பேரில் ஒருவர் செத்தார். ஒரு ஆளுக்கு இதற்கெல்லாம் கிடைத்த நேரம் எட்டரை விநாடி. ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே காலித் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு மூன்று பேரும் பயிற்சி செய்வார்கள், ஒரு விருந்தாளி அதைப் பார்த்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. நான் நம்புகிறேன். பயிற்சி இல்லாமல் இது வராது.

28 பறவைகளும் ஒருவர் கணக்கில் வரவு. நான் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன். ஒரு நாள் வசூல் மேனேஜர் பேரில் மேலிடத்துக்குப் போகும்போது, நோட்டை எண்ணிக் கட்டியவன் பேர் போகாது. அதனால் இந்த இடம் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். அந்தக் காலத்துப் பிரபுக்கள் வேட்டைப் புத்தகம் என்று ஒன்று எழுதுவார்கள். தேதி, இடம், கூட இருந்தவர்கள், எந்தப் பறவை எத்தனை என்று கட்டம் போட்டு எழுதுவது. ரிப்பன் பிரபுவின் கணக்கு 1867-இல் தொடங்குகிறது. அப்போது அவருக்கு 15 வயது. 1923-இல் முடிகிறது. மொத்தம் 5,56,813.

ஐந்து லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்று உயிர்கள். வருடத்துக்கு ஒன்பதாயிரத்து எழுநூறுக்கு மேல். நாளைக்கு 27, பண்டிகை, காய்ச்சல், கல்யாண நாள் எல்லாம் உட்பட. ஆனால் எல்லா நாளும் சுட முடியாது. இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸும் சட்டப்படி வேட்டைக்கு விடுமுறை. கிரவுஸ் என்ற மேட்டுநிலப் பறவைக்கு ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரைதான் காலம். ஃபெசன்ட் கோழிக்கு அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. அப்படியானால் சுட்ட நாட்களில் எவ்வளவு சுட்டிருக்க வேண்டும்!

அந்தப் பட்டியலில் கௌதாரி, முயல் எல்லாம் ஆயிரக்கணக்கில் போகப் போக, ஒரு ஓரத்தில் 11 புலி, 2 காண்டாமிருகம், கடமான் என்று வருகிறது. யார்க்ஷயரில் ஏது புலியும் கடமானும்? அவை நம் பக்கத்து வரவு. தகப்பனார் பேரில் இங்கே ஒரு கட்டடம் நிற்கிறது. பிள்ளை நம் தேசத்திலிருந்து கொண்டுபோனது அந்த ஓரத்து வரிகள்.

அது தனி ஒருவரின் கிறுக்கு என்றும் சொல்லிவிட முடியாது. அந்தக் காலமே அப்படி. வால்சிங்காம் பிரபு என்று ஒருவர், 1888 ஆகஸ்ட் 30 அன்று, யார்க்ஷயரிலேயே ஒரு மேட்டுநிலத்தில், தனி ஆளாக ஒரே நாளில் 1,070 கிரவுஸ் சுட்டார். விரட்டுக்காரர்கள் வரிசை கட்டிப் பறவைகளைக் கிளப்பிவிடுவார்கள், இவர் மறைவில் நின்று சுடுவார். அந்த மனிதர் பிற்பாடு சொத்தையெல்லாம் இழந்து கடன்பட்டார். வேடிக்கை என்னவென்றால் அவரே பூச்சி ஆராய்ச்சியில் பெரிய ஆள். சின்னஞ்சிறு அந்துப்பூச்சிகளாகச் சேகரித்து, இரண்டரை லட்சத்துக்கு மேல், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றும் விஞ்ஞானிகள் அதை எடுத்துப் பார்க்கிறார்கள். 1,070 என்ற எண்ணால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

1913 டிசம்பரில் ஹால் பார்ன் என்ற இடத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் நண்பர்களும் ஒரே நாளில் 3,900-க்கு மேல் ஃபெசன்ட்களைச் சுட்டார்கள். திரும்பும் வழியில் மன்னர் பேசாமலே வந்து, இன்றைக்குக் கொஞ்சம் எல்லை மீறிவிட்டோமோ என்கிற மாதிரி மகனிடம் சொன்னாராம். சரியாக அந்த மாதத்துக்கு முந்தைய மாதம்தான் இங்கே ரிப்பன் மாளிகை திறந்தது. எட்டு மாதத்தில் முதல் உலகப் போர் வந்தது.

நம் ரிப்பன் மகன் அப்படி எதாவது சொன்னதாக நான் எங்கும் படிக்கவில்லை. அவர் மனைவி கிளாடிஸ் சீமாட்டி நேர் எதிர். இசை நாடகம், ரஷ்ய பாலே என்று லண்டனுக்குக் கலைஞர்களைக் கொண்டுவந்து ஆதரித்தவர். ஆஸ்கார் வைல்ட் ஒரு நாடகத்தையே அவருக்குச் சமர்ப்பணம் செய்தார். இவர் பறவையை எண்ணிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் என் மனைவியின் கேள்வி என்னை உறுத்துகிறது. துப்பாக்கி அழகு. அதைச் செய்த கைகள் கும்பிடத்தக்கவை. சுட்டவரின் திறமையும் பொய் இல்லை, அப்படிப்பட்ட கண்ணும் கையும் நூறு வருடத்துக்கு ஒருவருக்கு வரும். ஆனால் அந்த எண்? அது பசிக்குச் சுட்டது இல்லை. ஒரு கட்டத்துக்கு மேல் விளையாட்டுக்குக்கூட இல்லை. நேற்று எழுதியதோடு இன்றைக்கு ஒன்று கூட்ட வேண்டும், அவ்வளவுதான். எண்ணுகிற பழக்கம் எண்ணுகிறவனையே பிடித்துக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்கு முந்தைய காலம். அரையாண்டுக் கணக்கு முடிப்பு. என் லெட்ஜரில் ஏழு பைசா வித்தியாசம் விழுந்தது. அன்றைக்கு என் மகளின் பள்ளி ஆண்டு விழா, அவள் மேடையில் ஆடுகிறாள். மேனேஜர், "நாளைக்குப் பாத்துக்கலாம், கிளம்புங்க" என்றுதான் சொன்னார். நான் போகவில்லை. ராத்திரி பத்தரைக்கு அந்த ஏழு பைசாவைக் கண்டுபிடித்தேன். 53 என்பதை 46 என்று எழுதியிருந்தேன். என்ன சந்தோஷம் தெரியுமா! வீட்டுக்குப் போனால் குழந்தை சலங்கையோடே தூங்கியிருந்தாள். ஸ்டட்லி ராயலில் அந்தக் கல்லறை முன் நின்றபோது பக்கத்தில் நின்றது அதே பெண்தான். அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அதனால் ரிப்பன் பிரபுவைத் திட்ட என் வாய் முழுசாக வரவில்லை.

கடைசி நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

1923 செப்டம்பர் 22. ஸ்டட்லி ராயலுக்குப் பக்கத்தில் டாலோகில் என்ற மேட்டுநிலம். ஹெதர் செடி பூத்து ஓய்கிற காலம், மலை முழுக்க ஊதா நிறம் மங்கிக்கொண்டிருக்கும். அவருக்கு 71 வயது. மனைவி ஆறு வருடம் முன்பே போய்விட்டார். குழந்தைகள் இல்லை. காலையிலிருந்து 52 கிரவுஸ் சுட்டிருந்தார். ஐம்பத்திரண்டாவது விழுந்தது. அவரும் அப்படியே செடிகள் மேல் சாய்ந்தார். அவ்வளவுதான். வாரிசு இல்லாததால் ரிப்பன் மார்க்விஸ் என்ற பட்டமும் அன்றோடு தீர்ந்தது. அந்த மாளிகை 1946-இல் தீப்பிடித்து அழிந்தது. மான்களும் மடாலயமும் இப்போது நேஷனல் டிரஸ்ட் பராமரிப்பில் இருக்கின்றன. டிக்கெட் வாங்கிக்கொண்டு நாம் போய்ப் பார்க்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் என் மனசில் நிற்கிறது. கணக்கு 1923 வரை இருக்கிறது. மொத்தமும் கூட்டியிருக்கிறார்கள். கடைசி நாள் வரவை அவர் எழுதியிருக்க முடியாது. அப்படியென்றால் வேறு யாரோ ஒருவர் அந்தப் புத்தகங்களை எடுத்து, 57 பருவத்துக்குமான பக்கங்களைக் கீழிருந்து மேல், மேலிருந்து கீழ் கூட்டிச் சரிபார்த்து, கடைசியில் 5,56,813 என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். பண்ணை ஆபீஸ் குமாஸ்தாவாக இருக்கலாம். அடிக்கோடு இரட்டைக் கோடாக இருந்திருக்கும் என்றே நினைத்துக்கொள்கிறேன். நான் அப்படித்தான் போடுவேன்.

டிபன் வந்துவிட்டது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார். கேள்வி இருந்தால் வடை சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள்.